மூன்றாவது ட்ராக்

போன செவ்வாய்க்கிழமை சீனி பார்க்க இரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். தாதிப் பெண் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து முழங்கையின் உள்பக்கம் தேய்த்தாள். ஊசி ஏறியது தெரியவில்லை, வாடை ஏறியதுதான் தெரிந்தது. "என்ன ஐயா, தலை சுத்துதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். வேறு என்ன சொல்ல? அதற்குள் அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள்.

நீ ஸ்பிரிட் போத்தல் வைத்திருந்தது ரெக்கோடரில் நாடா உரசும் ஹெட்டைத் துடைப்பதற்கு. எதையாவது பதியப் போகிறோம் என்றால் முதல் வேலை அதுதான். துடைத்த பஞ்சு பழுப்பாக இருக்கும். அதை எங்கள் மூக்குக்கு நேரே நீட்டி, "பார் மச்சான், இவ்வளவும் கசெட்டில இருந்து உரிஞ்ச பாட்டு" என்பாய். சாந்தி முகத்தைச் சுளித்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவாள். என் தங்கைக்கு அந்த வாடை பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் கையை மோந்துகொண்டே போனேன். இந்த வயதில் பார்ப்பவர்கள் என்ன நினைத்தார்களோ.

அரசாங்கக் காரியாலயத்துக்கு எழுத்து வேலை பார்க்கும் இலிகிதராக மாற்றலாகி வந்து நீ எங்கள் மேல்மாடி அறையைக் கேட்டபோது அப்பா ஒரு வாரம் பதில் சொல்லவில்லை. கலவரத்தில் ஒருமுறை தையல் கடையை எரியக் கொடுத்துவிட்டு, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் திரும்ப ஒரு மெஷினோடு தொடங்கியவர் அவர். "யாழ்ப்பாணத்துப் பிள்ளைய வீட்ல வச்சா, நாளைக்கு ஏதும்னா நம்மளத்தான் கேப்பாங்க" என்று என்னிடம் சொன்னார். பிறகு உன் கையில் வயலின் பெட்டியைப் பார்த்து மனம் இளகினார். வயலின் வாசிப்பவன் வம்புக்குப் போகமாட்டான் என்பது அவர் கணக்கு. அது சரியான கணக்குத்தான். வம்பு உன்னைத் தேடி வரும் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

எங்களிடம் அதுவரை இருந்தது சாதாரண ரேடியோ கசெட். அதில் பதிந்தால் எல்லார் சத்தமும் ஒரே சாம்பாராகிவிடும், அதிலும் பெரும்பாலும் என் ஆர்மோனியம்தான் கேட்கும். உன் அண்ணன் ஜெர்மனியிலிருந்து அனுப்பிய ரெக்கோடரைக் கொழும்பில் போய் எடுத்து, இடுப்பில் கட்டுகிற சாரத்தில் சுற்றி, மடியில் வைத்துக் கொண்டுவந்தாய். நான்கு மைக்கை ஒரே நேரத்தில் குத்தலாம். நால்வரும் சேர்ந்து வாசிக்கலாம். ஆனால் நாடாவில் நால்வரும் நான்கு கோட்டில் தனித்தனியாக இருப்போம். முதலாவது ட்ராக்கில் சாந்தியின் குரல், இரண்டாவதில் என் ஆர்மோனியப் பெட்டி, மூன்றாவதில் உன் வயலின், நான்காவதில் நௌஷாத்தின் தபேலா. பிறகு ஒருவரை ஏற்றலாம், ஒருவரை இறக்கலாம், வேண்டுமென்றால் ஒருவரை மட்டும் தனியே கேட்கலாம். "இவன இறக்கத்தான் இவ்வளவு செலவழிச்சு மெஷின் எடுத்திருக்கீங்க" என்று நௌஷாத் என்னைக் காட்டிச் சிரித்தான். பாலத்தடிப் புடவைக் கடைக்காரர் மகன், எங்கள் எல்லாரையும் விடத் தாளம் தெரிந்தவன்.

ஒருவர் சத்தம் மற்றவர் மைக்கில் விழுவது உனக்கு ஆகவே ஆகாது. "ஒழுகுது, ஒழுகுது" என்று தலையில் கை வைப்பாய். அப்பா கடையில் மிஞ்சும் வெட்டுத் துணியைக் கட்டி வைத்த மூட்டைகளை மேலே இழுத்து வந்து எங்களுக்கு நடுவே சுவர் கட்டினாய். சாந்தியைக் கதவுக்கு அந்தப் பக்கம் அனுப்பினாய். ஊரடங்கு என்றால் ஊருக்குப் பயம், உனக்குக் கொண்டாட்டம். பாலத்தில் பஸ் ஓடாது, ஹோன் அடிக்காது. வானொலி அறிவிப்பு முடிவதற்குள் நீ மைக் கம்பியை விரித்திருப்பாய்.

எங்கள் நான்கு பாட்டும் ஒழுங்காகப் பதிவானது அப்படி ஒரு ஊரடங்கில்தான். காலையில் வந்த நௌஷாத் வீட்டுக்குப் போக முடியாமல் மாட்டிக்கொண்டான். துணி மூட்டைகள் இல்லை. இரண்டு நாளைக்கு முன்தான் மெத்தை தைக்கிறவர் வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போயிருந்தார். சுவரில்லாமல் ஒரே அறையில், முழங்காலோடு முழங்கால் முட்ட உட்கார்ந்தோம். என் பக்கத்தில் நீ. "இண்டைக்கு எல்லாம் எல்லாத்துக்குள்ளயும் ஒழுகப் போகுது" என்று முணுமுணுத்துக்கொண்டே சிவப்புப் பொத்தானை அமுக்கினாய். கசெட்டை நிறுத்தாமல் ஓடவிட்டாய். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் பேசியதும் விழுந்தது. சோதனைச் சாவடி ஆமிக்காரனின் தமிழை நீ பேசிக் காட்டினாய். "எங்க போறது? ஏன் போறது? போனா ஏன் வாறது?" நௌஷாத் சிரித்துச் சிரித்துத் தபேலா மேலேயே சாய்ந்துவிட்டான். பிறகு நீ சொன்னாய், "அம்மாவுக்கு இந்தக் கசெட்டில ஒரு கொப்பி எடுத்து அனுப்ப வேணும்."

மூன்று வாரம் கழித்துக் கொழும்பில் எங்கோ குண்டு வெடித்தது. மறுநாள் காலை பாலத்தடியில் பஸ்ஸை நிறுத்தி அடையாள அட்டை பார்த்தார்கள். உன் அட்டையில் யாழ்ப்பாண விலாசம். நௌஷாத் கடை வாசலில் நின்று பார்த்திருக்கிறான். ஜீப்பில் ஏறும்போது அவனைப் பார்த்து, "பின்னேரம் வாறன்" என்றாயாம்.

நானும் அப்பாவும் போகாத இடமில்லை. நீ குடிவந்தபோது பொலிஸில் உன் பெயரைப் பதிந்து வாங்கிய துண்டை அப்பா சட்டைப் பையிலேயே கொண்டு திரிந்தார். எங்கே போனாலும் ஒரே பதில்தான். அப்படி ஒருவர் இங்கே இல்லை.

இதுவரை உனக்குத் தெரியும். அல்லது உனக்கு என்ன தெரியும் என்று எனக்குத் தெரியாது. இனிச் சொல்லப் போவதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.

நான்காம் நாள் அப்பா மாடிக்கு ஏறி வந்தார். "அந்தக் கசெட்டுல அந்தப் பிள்ள ஆமிக்காரன் மாதிரி பேசி இருக்கில்ல? அத இன்னும் வச்சிருக்கியா?"

"நம்ம பாட்டும் அதுலதான்ப்பா இருக்கு."

"பாட்டா முக்கியம்? வீட்ட சோதிக்க வந்தா என்ன சொல்லுவ? ஒன் தங்கச்சிய நெனச்சுப் பாரு. எரிச்சிரு."

தீப்பெட்டியை என் பக்கம் நீட்டினார். ஒரு கடை எரிந்ததைப் பார்த்த கை அது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். என்னைத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்குப் பெரிய புத்திசாலி என்று நினைப்பு. பாம்பும் சாகவேண்டும், தடியும் முறியக்கூடாது என்று யோசித்தேன். கசெட்டை ஏன் எரிக்க வேண்டும்? பேச்சு இருப்பது உன் மைக்கில். மூன்றாவது ட்ராக்கை மட்டும் அழித்தால் போதும், மற்ற மூன்றும் மிஞ்சும். மைக் எதையும் குத்தாமல் மூன்றாவதற்கு மட்டும் சிவப்பு விளக்கைப் போட்டு ஓடவிட்டேன்.

எரிப்பது ஒரு நிமிட வேலை. அழிப்பது அப்படியில்லை. நாடா எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் ஓட வேண்டும். நாடாவை இரட்டை வேகத்தில் ஓட்டும் அந்த மெஷினில் அது இருபத்திரண்டு நிமிடம். நான் முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன். எந்த நிமிடத்திலும் நிறுத்தியிருக்கலாம். இரண்டு பாட்டோடு நிறுத்தியிருந்தால் இரண்டு பாட்டாவது மிஞ்சியிருக்கும். பேச்சு வருகிற இடங்களை மட்டும் அழித்திருந்தால் வயலின் முழுதும் இருந்திருக்கும். இதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அப்போது நான் பார்த்துக்கொண்டிருந்தது வாசல் கேட்டை.

ஒருவரும் வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. எங்கள் வீட்டை யாரும் சோதிக்கவே இல்லை.

ரெக்கோடரை அலுமாரிக்கு அடியில் ஒளித்துவிட்டோம். இரண்டு மாதம் கழித்துப் பொறுக்க முடியாமல் அந்தக் கசெட்டைச் சாதாரண ரேடியோவில் போட்டேன். சாந்தியின் பாட்டு ஆண் குரலில் இழுத்து இழுத்து வந்தது. திருப்பிப் போட்டேன். தபேலா பின்னாலிருந்து முன்னால், விக்கல் எடுப்பது போல வந்தது. அப்போதுதான் உறைத்தது. உன் மெஷினில் பதிந்த கசெட்டை வேறு மெஷினில் போட்டால் மூன்றும் நான்கும் தலைகீழாகத்தான் ஓடும். நீயே போட்டுக் காட்டி நாங்கள் விழுந்து விழுந்து சிரித்த விஷயம் அது. சோதிக்க வருகிறவன் உன் மெஷினையா சுமந்துகொண்டு வரப்போகிறான்? நீ பேசியதில் ஒரு வார்த்தை அவனுக்கு விளங்கியிருக்காது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஊரில் அந்த மெஷினைப் பற்றித் தெரிந்த நாலு பேரில் ஒருவன் நான், எனக்குத்தான் அந்த நேரத்தில் அது ஞாபகம் வரவில்லை.

போர்நிறுத்தம் வந்து யாழ்ப்பாணப் பாதை திறந்த வருடம் உன் அம்மா வந்தார். அப்போது அப்பா உயிரோடில்லை. சாந்தி கலியாணம் முடித்துக் கலகெதரவுக்குப் போயிருந்தாள். காலையில் கேட்டடியில் ஒரு பையோடு நின்றவரைப் பார்த்ததும் யாரென்று கேட்கத் தேவையிருக்கவில்லை. உன் நெற்றி அவருடையது.

"வாங்க அம்மா" என்றேன். தேத்தண்ணீர் குடித்தார். நான் தேடிப்போன இடங்களை எல்லாம் சொன்னேன். அவர் ஏற்கெனவே அந்த இடங்களுக்கெல்லாம் எழுதியிருந்தார். வீட்டில் ஷெல் விழுந்து உன் படங்கள் போய்விட்டன, அட்டைக்கு எடுத்த சின்னப் படம் ஒன்றுதான் மிச்சம் என்றார். பிறகு பைக்குள்ளிருந்து நீ எழுதிய கடிதத்தை எடுத்தார்.

"இதில எழுதியிருக்கிறான் தம்பி. நாலு பேர் வாசிச்சாலும் தன்ர வயலின் தனியா இருக்காம். மற்றதுகளைக் குறைச்சுப் போட்டு அவன்ர மட்டும் கேக்கலாமாம். அதைக் கொஞ்சம் போட்டுக் காட்டுவீங்களே?"

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அலுமாரிக்கு அடியிலிருந்து ரெக்கோடரை எடுத்தேன், ஹெட்டைத் துடைத்தேன். மெதுவாகத் துடைத்தேன், நேரம் போகட்டும் என்று. கசெட்டைப் போட்டு ஒன்று, இரண்டு, நான்கை முழுக்க இறக்கி மூன்றாவதை முழுக்க ஏற்றினேன். உஸ் என்று நாடாவின் இரைச்சல் வந்தது.

உன் அம்மா சேலைத் தலைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் இருக்கும். இரண்டு நிமிடம் இருக்கும். பிறகு என்னைப் பார்த்து மெல்லக் கேட்டார்.

"இனித் தொடங்குவான் என்ன?"

"கசெட் பழசாயிருச்சு அம்மா" என்றேன். "அது மட்டும் அழிஞ்சு போச்சு."

கையில் பிடித்திருந்த சேலைத் தலைப்பை விட்டார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பரவாயில்ல தம்பி, நீங்கள் என்ன செய்வீங்கள்" என்றார். அந்தச் சொல்லைத் தாங்காமல்தான் இரண்டாவதை ஏற்றினேன். என் ஆர்மோனியம் அறை முழுக்கக் கத்தியது. அதற்கு அடியில், எங்கோ நாலு வீடு தள்ளி வாசிப்பது போல, உன் வயலின். துணி மூட்டை இல்லாத நாளில் என் மைக்கில் ஒழுகியது. பாட்டு முடிந்ததும் அதே தூரத்திலிருந்து "திருப்பி ஒருக்கா" என்று உன் குரல்.

உன் அம்மா கதிரையிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் காதை வைத்தார். "அவன்தான். அவன்தான் கதைக்கிறான்." கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தார். "தம்பி, அந்தப் பெட்டிச் சத்தத்தை மட்டும் குறைச்சுவிட ஏலாதே?"

குறைத்தேன். என்னோடு நீயும் குறைந்தாய். ஏற்றினேன், நீயும் வந்தாய், நானும் வந்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு "காணும் தம்பி, இப்பிடியே இருக்கட்டும்" என்றார். அந்த ட்ராக்கைச் சாதாரணக் கசெட் ஒன்றில் எடுத்துக் கொடுத்தேன். கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு பின்னேர பஸ்ஸில் போனார்.

பாதை மறுபடி மூடியது. அங்கே நடந்ததெல்லாம் நடந்தது. எல்லாம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு உன் சித்தியின் மகளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. உன் அம்மாவைக் கடைசிவரை பார்த்தவள் அவள்தான். இடம்பெயர்ந்து போன இடமெல்லாம் அந்தக் கசெட்டைக் கொண்டுபோனாராம். கடைசி வருடங்களில் காது நன்றாக மந்தமாகி, நினைவும் தடுமாறத் தொடங்கிவிட்டதாம். ஆனாலும் பின்னேரத்தில் கசெட்டைப் போடச் சொல்லுவாராம். வருகிறவர்களிடம் எல்லாம், "கேட்டுப் பாருங்கோ, என்ர பிள்ளை எப்பிடி ஆர்மோனியம் வாசிக்கிறான் எண்டு" என்பாராம். கடைசி நாளன்றும் அதைத்தான் கேட்டாராம்.

அந்தப் பெண் கடைசி வரியில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். அண்ணா வயலின் படித்ததாகத்தான் அவளுக்கு ஞாபகம். கசெட்டில் ஆர்மோனியம் வாசிப்பது அண்ணாதானா என்று உறுதிப்படுத்தச் சொல்லியிருந்தாள்.

உன் அம்மா கடைசியாகக் கேட்டது என்னை. உன்னை நினைத்துக்கொண்டு என்னைக் கேட்டார். உன்னை அழித்தவனின் கையை மகனின் கை என்று ஊருக்கெல்லாம் காட்டினார். இதை அந்தப் பிள்ளைக்கு எப்படி எழுதுவது? மூன்று நாள் கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டு இருந்தேன். நாலாம் நாள் ஒரு தபால் அட்டை வாங்கி, ஆமாம் தங்கச்சி, அவன்தான், மிக நன்றாக வாசிப்பான் என்று எழுதிப் போட்டேன்.