தலை கடைசியாக வரும்

இன்று காலை உறுதியான செய்தி இது: சிவலையின் வாயோரப் புண் முற்றாக ஆறிவிட்டது. சொன்னவர் மிருக வைத்தியர். உதட்டை விரித்து இரண்டு பக்கமும் பார்த்து, விரலால் தடவி, குதிரை முகத்தை இழுக்கிறதா என்று பொறுத்திருந்து, அதன் பிறகுதான் சொன்னார். நானும் பக்கத்தில் நின்றேன். உனக்கு முதலில் சொல்லவேண்டிய செய்தி என்பதால் எழுதுகிறேன்.

அவர் போனபின் வேப்பமரத்து ஆணியில் தொங்கிய தலைக்கயிற்றை எடுத்தேன். தேங்காய் எண்ணெயும் குதிரை வியர்வையும் ஊறிய மணம். நீ தேத்தண்ணி கொண்டுவந்து தரும்போது உன் கையிலிருந்து வந்த மணம் அது. உன் புருஷன், என் மச்சான், வீட்டுக்குள்ளே இருந்து பார்த்தார்.

நோர்வேயில் நீ ஒரு குதிரை லாயத்தில் சாணம் அள்ளப் போனதையும், பிறகு அங்கேயே குதிரை பழக்கக் கற்றுக்கொண்டதையும் கடிதங்களில்தான் அறிந்திருந்தேன். ஊருக்குத் திரும்பிவந்து, நுவரெலியாவிலிருந்து லொறியில் ஒரு இளம் பெட்டைக் குதிரையை இறக்கியபோதுதான் நம்பினேன். சிவந்த நிறம் என்பதால் மாட்டுக்கு வைக்கும் பெயரையே வைத்தாய். அரியாலையில் அதற்கும் சிரித்தார்கள். முன்வீட்டுக்காரர் உன் புருஷனைப் பார்த்து, "மனிசிக்கு வெளிநாட்டிலை ஒரு காரோட்டப் பழக்கியிருக்கலாமே" என்றார். மச்சான் தானும் சிரித்துவிட்டு, தரவைப் புல்வெளியில் உனக்காக வட்டமாகப் புல் செதுக்கப் போனார்.

வேட்டைத் திருவிழாவுக்குச் சிவலையைக் கேட்டுக் கோயில் சபைத் தலைவர் வந்த நாள் நினைவிருக்கிறது. சுவாமி மரக்குதிரை வாகனத்தில் வரும்போது முன்னால் ஓர் உயிர்க்குதிரை நடந்தால் எடுப்பாக இருக்கும் என்றார். நீ மகிழ்ந்தாய். உன் முகத்தை நான் பார்த்தேன், அதனால் இதை உறுதியாகச் சொல்லலாம். பிறகு அவர் சிவலையைச் சுற்றிவந்து, அதன் கழுத்து நீட்டமாகத் தொங்குகிறது என்று குறைப்பட்டார்.

"வாகனக் குதிரை மாதிரி கழுத்தை வளைச்சு, நாடியை நெஞ்சிலை ஒட்டிக்கொண்டு நிக்கோணும் பிள்ளை."

"அது மரம், ஐயா."

"மரமே அப்பிடி நிக்குது. உயிருள்ளது நிக்காதோ?"

நீ சிரித்தாய். அவர் போனபின் என்னிடம் சொன்னதை ஒரு செய்தியாளனின் கவனத்தோடு கேட்டுவைத்தேன். ஊரிலே எல்லோரும் குதிரையைத் தலையிலிருந்து பார்க்கிறார்கள், ஏனென்றால் அவர்கள் பார்த்து வளர்ந்தது வாகனத்தைத்தான் என்றாய். முதலில் பின்னங்கால்கள் வயிற்றின் கீழ் நன்றாக வந்து ஊன்ற வேண்டும். அப்போது முதுகு உயரும். முதுகு உயர்ந்தால் கழுத்து தோளிலிருந்து எழும்பித் தானாக வளையும். "தலை கடைசியா வாற சங்கதி அண்ணை. அதை முதலிலை பிடிச்சு வளைச்சா மிச்சம் ஒண்டும் வராது."

எனக்கு விளங்கவில்லை என்று நினைத்தாயோ, சைக்கிளை எடுத்துச் சொன்னாய். சிறுவயதில் நான் உனக்குச் சைக்கிள் பழக்கியபோது சீற்றைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டே ஓடினேனாம். அதனால்தான் நீ விழுந்தாயாம். நான் விட்டதால்தான் விழுந்தாய் என்பது என் நினைவு. இந்த இரண்டில் எது சரி என்று சொல்ல இனிச் சாட்சி இல்லை.

தரவையில் நீள் கயிற்றோடு சிவலை உன்னைச் சுற்றி நடக்கும். நீ நடுவில் நின்று கதைத்துக்கொண்டே திரும்புவாய். வேகம் கேட்பாய், கேட்டவுடன் கையைத் தளர்த்திவிடுவாய். தளர்த்துவதைத்தான் நான் அதிகம் பார்த்தேன். "நீயும் இதைத்தானே செய்யிறாய், பேட்டி எடுக்கேக்கை. கேட்டிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கிறது" என்றாய். என் தொழிலைப் பற்றி நீ சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது.

ஒரு பின்னேரம், பரவைக் கடல் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. சிவலையின் நடை மாறியது. பின்னங்கால்கள் நீளமாக உள்ளே வந்தன, முதுகு நிரம்பினாற்போல இருந்தது, கழுத்து யாரும் தொடாமல் எழும்பி வளைந்தது. கயிறு தொய்ந்தே கிடந்தது. கொஞ்சத் தூரந்தான். நீ உடனே, "இண்டைக்கு இவ்வளவு காணும்" என்று சொல்லி நிறுத்தி, அதன் நெற்றியில் கையை வைத்தாய்.

"இப்பதானே தொடங்கினது" என்றார் மச்சான்.

"அதுக்காகத்தான் நிப்பாட்டினனான்."

அந்த மாதமே உனக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது.

அதன்பிறகு வீட்டில் எல்லாவற்றுக்கும் அவசரம் வந்துவிட்டது. நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாய். திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. சிவலை சுவாமிக்கு முன்னால் நடப்பதைப் பார்க்கவேண்டும் என்று நீ ஒருமுறை சொன்னதை மச்சான் பிடித்துக்கொண்டார். தரவையில் அவர் செய்ததை நான் நேரில் பார்க்கவில்லை. அவர் பிறகு சொன்னதைத்தான் எழுதுகிறேன். கடிவாள இரும்பிலிருந்து இரண்டு பக்கமும் வயிற்றுப் பட்டிக்குக் கயிறு கட்டி, நாடி நெஞ்சில் ஒட்டும்வரை இறுக்கினார். குதிரை வாகனக் குதிரையைப் போலவே நின்றது. அவர் அதைக் கைபேசியில் படம் பிடித்தார்.

நீ அந்தப் படத்தைப் பார்த்தபோது நான் கட்டிலருகே இருந்தேன். "தலைவருக்கும் காட்டினனான், அவருக்குச் சரியான சந்தோசம்" என்று மச்சான் சொல்லிக்கொண்டிருந்தார். நீ திரையை உன் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தாய். கழுத்து நடுவில் மடிந்திருந்ததை, முதுகு பள்ளமாக இருந்ததை, பின்னங்கால்கள் வெளியே இழுபட்டதை நீ விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாய். எனக்கே தெரிந்தது. கடைசியாக வாயோரத்து நுரையைத் தொட்டாய். அது சிவப்பாக இருந்தது.

"அவிட்டு விடுங்கோ."

"நீ பாக்கோணும் எண்டுதான்..."

"எனக்காக எண்டு அதின்ரை வாயைக் கிழிக்காதேங்கோ. எனக்கு நாள் இல்லை எண்டா அது எனக்குத்தானே. அதுக்கு இருக்கு."

மச்சான் தலைகுனிந்து நின்றார். நீ கோபப்படவில்லை. அவர் கையை எடுத்து, கயிறு அறுத்திருந்த உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, இதுக்கு மருந்து போட்டீங்களோ என்று கேட்டாய். அவர் அன்றே போய்க் கயிற்றை அவிழ்த்தார். தலைவரிடம் குதிரை வராது என்று சொன்னவன் நான்.

திருவிழா முடிந்த மறுநாள் உன்னைப் பார்க்க வந்தேன். குரல் மிகவும் இறங்கிவிட்டிருந்தது. மரக்குதிரை எப்படிப் போனது என்று கேட்டாய். கழுத்தை வளைத்தபடி நல்லாகப் போனது என்றேன்.

"உதுக்கு நோகாது" என்றாய். சிரித்தாய். நீ சிரித்ததை நான் பார்த்தது அதுதான் கடைசி.

உன் அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குப் போனோம். உன் சாம்பலைக் கடலில் கரைத்து, கேணியில் முழுகித் திரும்பினோம். வீட்டு வாசலில் வந்த வான் நின்றதும் இறங்கிய மச்சான் உள்ளே போகாமல், ஈரத் தலையோடு நேரே கொட்டிலுக்குப் போனார். சிவலை அவரைக் கண்டு பின்வாங்கிச் சுவரோடு ஒட்டியது. அவர் கிட்டப் போகவில்லை. கையை விரித்து நீட்டியபடி வாசலிலேயே நின்றார். சொந்தக்காரர் சாப்பிடக் கூப்பிட்டபோதும் அப்படியே நின்றார். அன்று அது வரவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் தரவைக்குக் கூட்டிப்போகிறார். வாயில் இரும்பு இல்லை, தலைக்கயிறு மட்டும். இப்போது அவர் கையிலிருந்து புல்லைத் தின்கிறது. சில நாள் வட்டத்தில் நடக்கிறது, சில நாள் நின்றுவிடுகிறது. நின்றால் அவரும் நிற்கிறார். போன கிழமை, அவரோடு கொஞ்சம் கதைக்கவேண்டும் என்று நான் போனேன். உன்னைப் பற்றி ஒரு கேள்வி கேட்டேன். கேட்டுவிட்டு நானும் சும்மா இருந்தேன். நெடுநேரத்துக்குப் பிறகு, "அவள் என்னை ஒரு நாளும் இழுத்ததில்லை மச்சான்" என்றார். வேறு யாரையும் இவ்வளவு பொறுமையாக நான் பேட்டி எடுத்ததில்லை.

இனித் தெரியவேண்டியவை: புண் ஆறினாலும் தைக்கு முன் வாயில் எதுவும் வைக்கவேண்டாம் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். மாரி முடிந்து தரவை காய்ந்ததும் மறுபடி வந்து பார்ப்பார். அடுத்த வேட்டைத் திருவிழாவுக்குச் சிவலை வருமா என்று தலைவர் கேட்டு ஆள் அனுப்பினார். சிவலையைக் கேட்டுச் சொல்கிறோம் என்று மச்சான் சொல்லிவிட்டார். அவர் பகிடி விட்டதாக வந்தவர் நினைத்திருக்கலாம்.

கழுத்து இன்னும் எழும்பவில்லை. எப்போது எழும்பும் என்பதற்கு யாரிடமும் தகவல் இல்லை. கயிறு தொய்வாகத்தான் இருக்கிறது, தங்கச்சி.