வெள்ளிக்கிழமை தப்பிய சேவல்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்காலுக்கு ஒழுங்காக எண்ணெய் பூசுகிறீர்களா? வெள்ளவத்தையில் நான் நல்ல சுகம்.

ஒரு விஷயம். போனில் சொன்னால் பாதியில் வெட்டிவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன். என் சிரிப்புக் கதைப் புத்தகத்தில், சமைக்கிற நேரம் குசினிக்குள் நுழையும் சேவலை ஏசுகிற அம்மா நீங்கள்தான். நேற்று கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அதை வாசித்துக் காட்டினேன்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை எண்டபடியால் தப்பினாய். நாளைக்கு நீ குழம்பு!"

உங்கள் குரலிலேயே கத்தினேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூட அதிபர் உள்ளே வந்தார். முழு வகுப்பும் அவரைப் பார்த்து அதையே கத்தியது.

இனி எந்தப் பள்ளிக்கூடமும் என்னைக் கூப்பிடாது என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதை ஆர் பழக்கினது?"

"எங்கட அம்மா, சேர்."

"அப்ப அடுத்தமுறை அவவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ," என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

பதிப்பாளரும் இரண்டாவது புத்தகம் கேட்கிறார். ஆனால் நீங்கள் ஏசினதெல்லாம் முதல் புத்தகத்தோடு முடிந்துவிட்டது. இங்கே என்னை ஏச ஒருவரும் இல்லை. நான் பிந்தி வந்தாலும், சாப்பிடாமல் படுத்தாலும், வீட்டுக்கார அன்ரி "பரவாயில்லை மகள்" என்கிறார். அதை வைத்து என்ன கதை எழுதுவது?

மிளகாய்த்தூள் அனுப்பும்போது, நன்றாக ஏசி ஒரு கடிதமும் வையுங்கள். நீங்கள் தந்த குடையைப் பஸ்ஸில் விட்டுவிட்டேன். அதிலிருந்து தொடங்கலாம்.

ஐயோ, சோறு அடிப்பிடித்து மணக்கிறது, ஓடுகிறேன். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்
தர்மிகா