தடிமனுக்குப் போட்ட குளிசை

நேற்று வெள்ளவத்தை ஃபார்மசி ஒன்றில் பிரஷர் குளிசை வாங்க நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "தம்பி, அந்த அன்டிபயோட்டிக்கில நாலு மட்டும் வெட்டித் தாங்கோ" என்றார். உங்களுடைய அதே கெஞ்சல், அதே சிரிப்பு. கடைக்காரர் டொக்டர் எழுதிய துண்டுகூடக் கேட்கவில்லை, வெட்டிக் கொடுத்தார். வாங்கப் போனதை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இந்தக் குளிசையால் புருசன் பெண்சாதி நாங்கள் எத்தனை தரம் சண்டை பிடித்திருப்போம்! மழை தொடங்கினால் உங்களுக்கு மூக்கு ஒழுகும், தடிமன். உடனே அலுமாரியைத் திறப்பீர்கள். "இஞ்சருங்கோ, தடிமன் வைரஸால வாறது. இந்தக் குளிசை பக்டீரியாவைத்தான் கொல்லும், வைரஸுக்கு இதால ஒண்டும் ஆகாது" என்று கத்துவேன். "நீர் உயிரியலைப் பள்ளிக்கூடத்தில படிப்பியும். எனக்கு இது கேட்கும்" என்பீர்கள். சில நாளில் தடிமன் தன்பாட்டில் போகும். பெருமை குளிசைக்கு. மேல்மாடி அன்ரி இருமினால் மிச்சத்தில் இரண்டு, வாசலில் நிற்கும் வாச்சருக்குக் காய்ச்சல் என்றால் இரண்டு. நல்ல மனுசன் என்று ஃபிளாட் முழுக்கப் பெயர். அந்த நல்ல மனத்தோடு நான் என்னத்தைச் சண்டை பிடிக்கிறது?

உடம்பில் குடியிருக்கும் பக்டீரியாக்களில் சிலவற்றின் மரபணுவில் தற்செயலாக ஒரு மாற்றம் நேர்ந்திருக்கும். மருந்து அவற்றைக் கொல்லாது. தேவையில்லாமல் போடும் குளிசை மற்றவற்றைக் கொன்று இவற்றுக்கு இடம் பிடித்துக் கொடுக்கும். தப்பியது பெருகும். கூர்ப்பு, பரிணாமம் என்றால் கோடிக்கணக்கான வருடத்துக் கதை என்று என் வகுப்புப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். எங்கள் வீட்டு அலுமாரியடியிலேயே அது நடந்துகொண்டிருந்தது.

பிறகு, சிறுநீர் எரிவு, சாதாரணச் சலக்கடுப்பு என்று ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது. மருந்தை மாற்றி மாற்றி ஏற்றினார்கள். "மிஸ், எந்த மருந்துக்கும் கிருமி சாகுதில்லை" என்றார் டொக்டர். உங்களுக்குள்ளேயே வளர்ந்ததா, வேறு யாரிடமோ இருந்து தொற்றியதா என்று கேட்டேன். "சொல்ல ஏலாது" என்றார். உங்களைத் திட்டி அழக்கூட எனக்கு வழியில்லாமல் போயிற்று.

அன்று பின்னேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இஞ்சேரும், நான் கண்டபடி குளிசை போட்டதாலயோ?" என்று கேட்டீர்கள். கலியாணம் கட்டிய காலம் முழுக்க என்னிடம் நீங்கள் கேட்ட ஒரேயொரு பாடக் கேள்வி.

"சீ, அப்பிடி ஒண்டுமில்லை. படுங்கோ" என்றேன். கண்ணை மூடினீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் எழும்பவுமில்லை, நாங்கள் கதைக்கவுமில்லை.

இன்று வகுப்பில் அதே பாடம். ஒரு பிள்ளை எழும்பி, "மிஸ், இதை வீட்டில சொன்னால் ஆக்கள் கேப்பினமோ?" என்றாள். "சொல்லிப் பாரும்" என்றேன். எனக்கே நம்பிக்கையில்லை. படிப்பித்து என்ன கண்டேன்? சோக்குக்கட்டியை வைத்துவிட்டு வெளியே போய் நின்று அழுதேன்.

நீங்கள் கேட்டதற்குச் சரியான விடை, இருக்கலாம் என்பதுதான். அதை உங்களுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திரும்பி வந்து இன்னொரு தரம் கேட்டாலும், இல்லை என்றுதான் சொல்லுவேன்.