நாற்பத்தேழாம் எண் கேள்வி

ஆவணி 6, திங்கள்

இரவு முழுக்கத் தூறல். எழுந்ததும் முதல் வேலை, ஓடு ஒழுகி நனைந்த மேல்சபைக் காகிதங்களை ஜன்னல் கம்பியில் உலர்த்தியது. நல்லவேளை, 47 அழியவில்லை. என் கேள்வியின் எண். வெள்ளிக்கிழமை சபையில் வருகிறது.

கடற்கரைப் பக்கத்து ஆஸ்பத்திரியில் பல வருஷமாக மருத்துவச்சி இல்லை. வலி எடுத்தவளை மாட்டுவண்டியில் அறந்தாங்கிக்குக் கொண்டுவருகிறார்கள். சிலர் வந்து சேருவதில்லை. இதைத்தான் கேட்டிருக்கிறேன்.

காபிக்கு முன்பே மூன்று பேர். ஒருவருக்கு மகனுக்கு ரயில்வே வேலை. ஒருவருக்குச் சாராயக்கடை லைசென்ஸ். (கதர் கட்டும் என்னிடம்!) மூன்றாமவர் சும்மா பார்க்க வந்தாராம்.

"கேள்வி கேக்கவா அம்மா மெட்ராஸ் போறீங்க? இங்கிட்டு உக்காந்து கேட்டாலும் அவங்க பதில் சொல்லப் போறதில்லே."

அவரை மட்டும் பிடித்திருந்தது.

வாங்க: மை, கற்பூரம், தலைவலித் தைலம்.

ஆவணி 7, செவ்வாய்

வெயில். கணவரின் அண்ணன் வந்தார். தன் மகள் சாரதாவுக்கு வெள்ளிக்கிழமை பரிசமாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அன்னிக்கு எனக்குச் சபை இருக்குங்க."

"சபை எங்கேயும் ஓடிராதும்மா. தாயில்லாப் புள்ளை. பரிசத் தட்டு வாங்க வீட்டுலெ வேற யாரு இருக்கா?"

தாயில்லாப் பிள்ளை. ஏன் இல்லை என்று இந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. அந்தத் தாயின் பெயரைக்கூட. பதினோரு வருஷம். வண்டியில் அவள் தலை என் மடியில் இருந்தது. பாதி வழியில் வண்டிக்காரனிடம் மெதுவாகப் போகச் சொன்னேன். அவசரம் முடிந்துவிட்டிருந்தது.

தலைவலி.

ஆவணி 8, புதன்

கணவர் வக்கீல், எதற்கும் வழி வைத்திருப்பார். "சபையிலெ இருக்கிற என் சிநேகிதர் ஒனக்காக எழுந்து நம்பரைச் சொல்லிருவார். சம்மதக் கடிதம் எழுதிட்டேன், ஒரு கையெழுத்துப் போடு, போதும்."

அந்தச் சிநேகிதரை அறிவேன். போன கூட்டத்தில் இன்னொருவருக்காக எழுந்தார். எண்ணைச் சொன்னார். 'பரிசீலனையில் இருக்கிறது' என்றார் மந்திரி. இவர் 'ரொம்பத் திருப்தி' என்று உட்கார்ந்துவிட்டார். பதில் வந்த பிறகு மடக்கிக் கேட்கும் துணைக்கேள்விகள்தான் எல்லாம். அதற்கு நான் அங்கே இருக்க வேண்டும். மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

"கையெழுத்துப் போட்டியா?" இரண்டு தரம் கேட்டுவிட்டார். "போடுறேன்."

மாலை சாரதா ரவிக்கை அளவுக்கு வந்தாள். பதினாறு வயது. கழுத்து அப்படியே அம்மா.

"நீங்கதானே சித்தி தட்டு வாங்குவீங்க? ஊர்லேருந்து பெரியத்தை வந்து வாங்குனா நான் அழுதிருவேன்."

ஊசியை வாயில் வைத்துக்கொண்டேன்.

அவள் போன பிறகு வெகுநேரம் அளவு நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அழுவாள். என்னை மன்னிக்க நாளாகும். அவள் அப்பா இனி இந்த வாசல் மிதிக்கமாட்டார்.

கடிதம் கையெழுத்தில்லாமல் அகராதிக்குள். பெட்டியில் இரண்டு கதர்ப் புடவை. நாளைக் காலை மெட்ராஸுக்கு முதல் வண்டி.

நான்காவது துணைக்கேள்வி இப்போது எழுதினேன்: அந்தச் சாலையில், மாட்டுவண்டியில், பிரசவ வலியோடு இறந்த காமாட்சி என்ற பெண்ணைப் பற்றி மந்திரி அவர்களுக்குத் தெரியுமா? தெரியாதென்றால், அவள் என் ஓரகத்தி. நான் சொல்கிறேன்.