ஆள் இல்லாவிட்டால் வளராத கேரட்

ஹெப்சி,

நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுத்துவிடாதே. சொதி அடுப்பில் இருக்கிறது. கேஸ்காரர் வந்தால் பக்கத்து வீட்டு முத்துராணி அக்கா பார்த்துக்கொள்வாள்.

நம் கம்ப்யூட்டர் விளையாட்டுத் தோட்டத்தில் விதைக்கவும் பறிக்கவும் நான் மெஷின் கட்டினேன். "எல்லாத்தையும் மெஷினே செய்யுதுல்லா, பெறவு நான் எதுக்கு?" என்று சொல்லிவிட்டுப் போன நீ, இன்னும் விளையாட வரவில்லை.

நேற்று ஆபீஸிலிருந்து வந்து பார்த்தேன். ஒரு கேரட்கூட வளரவில்லை. பக்கத்தில், விளையாட்டுக்குள் நமக்காக நடமாடும் பொம்மை ஒன்றாவது நின்றால்தான் செடி வளருமாம், மெஷினும் ஓடுமாம். நீ ஒன்றும் செய்ய வேண்டாம். உன் பொம்மையை அங்கே நிறுத்திவிட்டுப் படு.

தெருமுனையில் பாளை பஸ் ஹாரன் கேட்கிறது, கிளம்புகிறேன்.

ஜாபேஸ்

பி.கு. டியூட்டிக்குக் கிளம்பும்போது கம்ப்யூட்டரை அணைக்காதே. நான் வரும்போது உன் பொம்மையாவது வீட்டில் இருக்கட்டும்.