பந்தே உருளாமல் வந்த கோப்பை

என் பூங்கொடிப் புள்ளைக்கு,

உன் பிள்ளைகள் மண்டல ஹாக்கிக் கோப்பையை வாங்கிவிட்டார்கள். எடப்பாடியிலிருந்து உன் கல்லூரி அணியைக் கூட்டிக்கொண்டு சங்ககிரிக்கு வந்து, இறுதி ஆட்டத்தில் என் கல்லூரியிடம் தோற்று, பஸ் ஏறும்போது "அடுத்த வருசம் பாருங்கக்கா" என்று விரலை ஆட்டிவிட்டுப் போவாயே, அதே கோப்பைதான். பதினான்கு வருடம் உடற்கல்வி இயக்குநராக இருந்தும் உன் கைக்கு வராதது, நீ கண்ணை மூடிய இரண்டாம் வருடம் உன் கல்லூரிக்கு வந்திருக்கிறது.

அவசரப்பட்டுச் சந்தோஷப்படாதே. முழுக்கக் கேள். நீ இருந்திருந்தால் கேட்டு முடித்ததும் காறித் துப்பியிருப்பாய். நான் அதைக்கூடச் செய்யாமல் டீ குடித்துவிட்டு வந்தவள்.

மண்டலத்தைப் பிரித்துவிட்டார்கள், புள்ள. எட்டுக் கல்லூரிகள் ஒன்றாக ஆடிக்கொண்டிருந்தோமே, அதை இரண்டாக வெட்டினார்கள். நெடுஞ்சாலையோரப் பெரிய கல்லூரிகள் மூன்றிலும் இப்போது பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி டர்ஃப் மைதானம். நம் மண்ணில் பந்து துள்ளுகிறதாம், அவர்கள் பிள்ளைகளுக்கு முழங்கால் சிராய்க்கிறதாம். அதே மண்ணில் நம்மிடம் வாங்கிய உதையை மட்டும் யாரும் சொல்லவில்லை. அந்த மூன்றும் சேர்ந்து 'முதன்மை மண்டலம்' என்று ஒன்று கேட்டன. ஒரு மண்டலத்துக்கு நான்கு அணியாவது வேண்டும் என்பது விதி. நாலாவது காலுக்கு என் கல்லூரியைப் பிடித்தார்கள்.

மிச்சமிருந்த நான்கையும் மூட்டை கட்டி 'ஊரக மண்டலம்' என்று பேர் வைத்தார்கள். மேற்கே நீ, கிழக்கே ஆத்தூர், தெற்கே எருமப்பட்டி, நடுவில் இன்னொன்று. ஒரு ஆட்டத்துக்குப் போய்வர மூன்று பஸ் மாற வேண்டும். இதில் ஜெயிக்கிற அணிக்கு மேலே ஆட வழியும் கிடையாது. பல்கலைக்கழக அணித் தேர்வுக்கு முதன்மை மண்டலத்துப் பிள்ளைகளை மட்டும்தான் கூப்பிடுவார்கள். பேரு பெத்த பேரு, தாகத்துக்கு நீரு இல்லை.

மண்டலத்தைப் பிரிக்கக் கூட்டம் நடந்த அன்று நான் அங்கேதான் இருந்தேன். உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை; வணிகவியல் மேடம்தான் பொறுப்பு. பாவம், அந்த அம்மாவுக்கு எந்தக் கோட்டைத் தாண்டினால் கோல் என்றே தெரியாது. தேர்வுப் பணி இருந்ததால் வர முடியவில்லை. காலையில் என்னைக் கூப்பிட்டு, "நம்ம பக்கம் நீங்களே பாத்துக்கங்க மேடம்" என்று சொல்லியிருந்தது.

நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேள். மண்டலச் செயலாளர் திரையில் வரைபடத்தைக் காட்டி, "நல்லாப் படிக்கறவங்கள ஒரு கிளாஸ்ல போடறதில்லீங்களா, அந்த மாதிரிதானுங்க இது" என்றார். யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். என் கையில் முந்திரி பிஸ்கட் இருந்தது. முதன்மை மண்டலம் என்றால் என் பிள்ளைகளுக்கும் டர்ஃபில் ஆடக் கிடைக்குமே, தேர்வுக்கும் போவார்களே என்று ஒரு நப்பாசை. உன் முகம் ஞாபகத்துக்கு வந்தது. பிஸ்கட்டை மென்றுகொண்டே கையெழுத்துப் போட்டேன்.

அதற்கான கூலி சீக்கிரமே கிடைத்தது. மூன்று ஆட்டமும் அவர்கள் மைதானத்தில், வேலை நாள் காலையில். சாதாரண ஷூவோடு டர்ஃபில் ஏறக்கூடாது என்று வாசலிலேயே நிறுத்தினார்கள். யாரோ கழற்றிப்போட்ட ஷூவை வாங்கி, நுனியில் துணி அடைத்து மாட்டிக்கொண்டு என் பிள்ளைகள் ஓடினார்கள். முதல் ஆட்டத்தில் ஒன்பது கோல் வாங்கினோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கோல்கீப்பர் சத்யா என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். சங்ககிரி மலை கண்ணுக்குத் தெரிந்ததும், "நம்மள ஆடறதுக்குக் கூப்பிடல மேடம், எண்ணிக்கைக்குத்தான் கூப்பிட்டிருக்காங்க" என்றாள். ஏமாந்தவள் தலையில் மிளகாய் அரைப்பார்கள். நான் குனிந்து தலையைக் கொடுத்திருக்கிறேன்.

உன் கோப்பைக் கதை இதைவிடக் கேவலம். ஆத்தூர்க்காரர்கள் தூரம் என்று வரவில்லை. எருமப்பட்டியில் அணியையே கலைத்துவிட்டார்கள். நாலாவது கல்லூரி பஸ் கிடைக்கவில்லை என்று கடிதம் கொடுத்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உன் பிள்ளைகள் பதினொரு பேரும் மட்டையோடு போய் வரிசையில் நின்றார்கள். நடுவர் கால் மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு விசில் ஊதினார். வாக்ஓவர். மூன்று விசிலில் சாம்பியன். முதன்மை மண்டலத்துக்குப் புதுக் கோப்பையாம்; நம் பழைய கோப்பையைப் பியூனிடம் கொடுத்தனுப்பினார்கள். செய்தித்தாளில் படம்கூட வந்தது, 'ஊரக மண்டலத்தில் சாதனை' என்று. சீ.

போன வாரம் சாயங்காலம் என் மைதானத்துக்கு உன் அணித் தலைவி கௌசல்யா வந்தாள். நீ முதல் வருடத்தில் சேர்த்த பிள்ளை, இப்போது மூன்றாம் வருடம். கையில் ஜவுளிக்கடைப் பை. உள்ளே கோப்பை.

"இத நீங்களே வெச்சுக்கங்க மேடம்" என்றாள்.

"ஏம் புள்ள, ஜெயிச்சதத் திருப்பிக் குடுப்பாங்களா?"

"எங்கப்பா தறியில இருந்து எந்திரிச்சு வந்து, கையத் தொடச்சுட்டு வாங்கிப் பாத்தாருங்க. யாரத் தோக்கடிச்சீங்க சாமின்னு கேட்டாருங்க. என்னன்னுங்க மேடம் சொல்றது?"

வேறு எதையாவது பேச வேண்டுமே என்று சாமான் அறைக்குக் கூட்டிப்போய் நம் கோல்கீப்பர் பேடுகளைக் காட்டினேன். இரண்டு கல்லூரியும் பாதிப் பாதி போட்டு வாங்கிய ஒரே ஜோடி. நாம் இருவரும் மோதும்போது முதல் பாதி உன் கோல்கீப்பருக்கு, இரண்டாம் பாதி என்னுடையவளுக்கு. மற்றவளுக்குக் கிரிக்கெட் பேடு. இடைவேளையில் நீயும் நானும் மண்ணில் உட்கார்ந்து ஒருத்தி காலில் அவிழ்த்து இன்னொருத்தி காலில் கட்டுவோம். நடுவர் தலையில் அடித்துக்கொள்வார். வார் அறுந்துபோனபோது விசைத்தறியில் கழித்த பெல்ட்டை வெட்டி நீ தைத்துக் கொடுத்தாயே, அது இன்னும் அறுபடவில்லை. எதிராளிக்குப் பேடு கட்டிவிட்டு அவளையே தோற்கடிக்கப் பார்த்த நம்மைத் தவிர வேறு கிறுக்கச்சிகள் இந்த ஜில்லாவில் உண்டா?

கௌசல்யா அந்த வாரைத் தொட்டுப் பார்த்தாள். "நாம ஒரு ஆட்டம் ஆடலாங்களா மேடம்? ஆடி வாங்கறமுங்க. இல்லீன்னா இங்கயே இருக்கட்டுமுங்க" என்றாள்.

அதிலும் ஒரு சிக்கல் வைத்திருக்கிறார்கள். முதன்மை மண்டல அணி வெளி மண்டலத்து அணியோடு அனுமதி இல்லாமல் ஆடக்கூடாது. செயலாளரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "கேட்டீங்கன்னா குடுக்க மாட்டமுங்க. கேக்காம ஆடுனீங்கன்னா பேர எடுத்துருவமுங்க. பெரிய மண்டலத்துல இருந்துக்கிட்டு எதுக்குங்க மேடம் இந்த வேண்டாத வேலை?" என்றார். குரலில் அவ்வளவு கரிசனம். போனை வைத்த பிறகு கையைக் கழுவிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

மண்டலத்திலிருந்து பேரை எடுத்தால் என் பிள்ளைகளுக்கு இந்த வருடத் தேர்வு போய்விடும். சத்யா போக வேண்டிய பிள்ளை. அவள் கையிலிருப்பதைப் பிடுங்கி என் பாவத்தைக் கழுவ எனக்கு உரிமை இல்லை. அதனால் மறுநாள் எல்லாரையும் உட்கார வைத்து உள்ளதைச் சொன்னேன். கூட்டத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சேர்த்துத்தான் சொன்னேன். என் பிள்ளைகள் என்னை அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை. சத்யாதான் முதலில் பேசினாள்.

"தேர்வுக்குப் போனாலும் அவங்க பிள்ளைகளத்தான் எடுப்பாங்க மேடம். நம்மள ஆடக் கூப்பிடறவங்க கூட ஆடலாம். ஆனா மொதப் பாதி பேடு எனக்கு."

நேற்று என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். இதனால் ஒன்றும் மாறாது என்று தெரியும். குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். போகட்டும், என் பேர் அந்தத் தாளில் இருப்பதைவிடக் குப்பையில் இருப்பது மேல்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை என் மைதானத்தில் ஆட்டம். மண்ணில் தண்ணீர் தெளித்துக் கோடு போட்டாகிவிட்டது. கோப்பை மேசைமேல் இருக்கும். வணிகவியல் மேடம் விதிப்புத்தகத்தை வாங்கி மனப்பாடம் செய்துகொண்டிருப்பதாகக் கேள்வி. இடைவேளையில் பேடு மாற்ற எதிரே நீ இருக்க மாட்டாய். அந்த அம்மாவுக்கு வார் கட்டத் தெரியுமா? உன்னைப் போலப் பல்லால் இழுத்து முடிச்சுப் போடுமா?

ஒன்று மட்டும் சத்தியம் செய்கிறேன், புள்ள. விட்டுக்கொடுக்க மாட்டேன். உனக்காக, உன் நினைவுக்காக என்று ஒரு பந்தைக்கூட என் பிள்ளைகளை விடச் சொல்ல மாட்டேன். ஓசியில் வந்த கோப்பை உனக்கு ஒரு முறை போதும். கௌசல்யாவின் அப்பா அன்றைக்குத் தறியை நிறுத்திவிட்டு வருகிறாராம். யாரைத் தோற்கடித்தீர்கள் என்று அவர் மறுபடி கேட்டால் அந்தப் பிள்ளைக்குச் சொல்ல ஒரு பேர் வேண்டும். அது என் பேராக இருக்குமானால், அதை என்னிடமிருந்து பிடுங்கித்தான் வாங்க வேண்டும்.

இதுவரை உன்னிடம் ஒரு இறுதி ஆட்டமும் தோற்காத,
உன் அக்கா மல்லிகா