ரத்தக் கழிச்சல்

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

அம்மாவின் பன்னிரண்டு கோழிக்குஞ்சுகளில் ஒன்பது செத்துவிட்டன. சனிக்கிழமையே எச்சத்தில் ரத்தம் பார்த்தேன். லேப் டெக்னீஷியன் என்ற திமிர். மைக்ராஸ்கோப்பில் வைத்துக்கூடப் பார்க்காமல் குடற்புழு மருந்து கொடுத்தேன். நேற்றுதான் கால்நடை டாக்டரிடம் போனேன். "இதுவும் ஒட்டுண்ணிதான்பா, ஆனா கண்ணுக்குத் தெரியாது. புழு மருந்துக்குச் சாகாது" என்று தண்ணீரில் கலக்க வேறு பொடி தந்தார்.

கலந்து வைத்தேன். இன்று காலை பார்த்தால் அந்தத் தண்ணீர் குறையவே இல்லை. தறியில் ஏற்றும் பட்டுப் பாவு நூலுக்குப் போடக் காய்ச்சிய கஞ்சியை அம்மா ஒரு தட்டில் ஊற்றிப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். குஞ்சுகள் எல்லாம் மருந்துத் தண்ணீரை விட்டு அதைத்தான் குடித்திருக்கின்றன.

"தெம்பில்லாம நின்னுக்கினு இருந்துச்சுங்கபா, அதான் வெச்சேன்."

"நீதாம்மா கொன்னுட்ட."

அவள் மிச்சம் மூன்றையும் மடியில் வைத்து, வாயைத் திறந்து, சொட்டுச் சொட்டாக மருந்தை விட்டாள். முதல் இரண்டு நாளை வீணாக்கியது நான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

சாயந்திரம் ஒன்று விழுங்கவே இல்லை. மற்ற இரண்டும் இறக்கையைத் தொங்கப்போட்டு நிற்கின்றன. தேறாது. அது எனக்குத் தெரியும். அம்மா இன்னும் மருந்து விட்டுக்கொண்டுதான் இருக்கிறாள், தான் கொன்றதாக நினைத்துக்கொண்டு.